குஞ்சு பொரிக்க வெப்பம் மட்டும் போதாது

காரைக்குடிப் பக்கம் வீட்டில் இன்குபேட்டர் (அடைக்கோழி இல்லாமல் கோழி முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் பெட்டி) வைப்பவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு சூடு வைக்க வேண்டும் என்பதைத்தான். பதில் எளிது. உள்ளே சின்ன விசிறி ஓடும் பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ், 21 நாள். இதைச் சரியாகச் செய்தும் பாதி முட்டை பொரிக்காமல் போகிறது. 22ஆம் நாள் உடைத்துப் பார்த்தால், இறகு முளைத்து முழுசாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கும். பார்க்கச் சங்கடமான காட்சி. சூடு பற்றவில்லை என்று நினைத்து அடுத்த முறை கூட்டி வைப்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது நேர் எதிரான வைத்தியம். இங்கே பெரும்பாலும் காரணம் கூடிப்போன சூடாகவோ, தவறிப்போன ஈரப்பதமாகவோ இருக்கும்.

முட்டை ஓடு பார்க்க மூடிய சுவர்போல இருந்தாலும் அதில் 7,000 முதல் 17,000 வரை நுண்துளைகள் உண்டு. கரு அவற்றின் வழியாகத்தான் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறது. அதே துளைகள் வழியாக நீராவியும் போய்க்கொண்டே இருக்கும். போகத்தான் வேண்டும். நீர் வற்ற வற்ற, முட்டையின் மழுங்கிய பக்கத்தில் உள்ள காற்றறை பெரிதாகும். குஞ்சு முதல் மூச்சை இழுக்கப்போவது அந்த அறையிலிருந்துதான். நீர் குறைவாக வற்றினால் காற்றறை சின்னதாக இருக்கும், குஞ்சு ஊதிப்போய்த் திரும்ப இடமில்லாமல் மூச்சு முட்டும். அதிகமாக வற்றினால் உள்சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொண்டு அசையவே விடாது.

எவ்வளவு வற்ற வேண்டும்? முதல் 18 நாளில் முட்டை தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதத்தை இழந்திருக்க வேண்டும். 45 கிராம் நாட்டுக்கோழி முட்டை என்றால் ஐந்தரை கிராம், நாளொன்றுக்கு 0.3 கிராம். பத்து முட்டையையும் சேர்த்து வைத்தால் நாளுக்கு 3 கிராம் குறையும். சமையலறை டிஜிட்டல் தராசே இதற்குப் போதும். வைக்கும் அன்று 450 கிராம் என்றால் ஏழாம் நாள் 429க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 435 காட்டினால் பெட்டிக்குள் ஈரம் அதிகம், தண்ணீர்க் கிண்ணத்தைச் சிறிதாக்குங்கள். 420 என்றால் காய்கிறது, அகலமான தட்டாக வையுங்கள். ஆவியாவதைத் தீர்மானிப்பது தண்ணீரின் மேற்பரப்புதான், ஆழம் இல்லை. என்னைக் கேட்டால் ஈரப்பத மீட்டரைவிட இந்தத் தராசைத்தான் நம்பச் சொல்வேன். மீட்டர் காற்றைச் சொல்கிறது, தராசு முட்டையைச் சொல்கிறது.

மீட்டர் வேண்டும் என்றால் அதைச் சோதித்துக்கொள்ள வழி உண்டு. ஒரு பாட்டில் மூடியில் கல் உப்பைப் போட்டுச் சேறுபோலக் குழைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரையும் அதையும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் இறுக மூடி ஓர் இரவு வைத்துவிடுங்கள். ஈரமான உப்புக்கு மேலே உள்ள காற்று 75 சதவீத ஈரப்பதத்தில் நிற்கும். மீட்டர் 68 காட்டினால் அது 7 குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். வெப்பத்துக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டை மட்டத்தில் வைத்து, பெட்டியின் அளவோடு ஒப்பிடுங்கள். ஒரு டிகிரி பிசகினாலே குஞ்சுகளில் தெரியும்.

பொதுவாக முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீத ஈரப்பதம் என்பார்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும். கிண்ணம் இல்லாமலேகூட அந்த அளவு வந்துவிடலாம். சித்திரை மதியத்தில் அதே கிண்ணம் போதவே போதாது. வருஷம் முழுக்க ஒரே அளவு தண்ணீர் வைப்பவர் ஏதோ ஒரு பருவத்தில் குஞ்சுகளை இழப்பார்.

இனி சூட்டுக்கு வருவோம். தெர்மோகோல் பெட்டி, இரண்டு பல்பு, ஒரு தெர்மோஸ்டாட் என்று வீட்டில் செய்யும் இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறையே 38, 39 டிகிரிக்குப் போய்விட்டால் தெர்மோஸ்டாட் பல்பை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கும். அதோடு, கடைசி வாரத்தில் கருக்களே வெப்பம் விடத் தொடங்கும். அப்போது முட்டையின் உள்வெப்பம் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி கூடுதலாக இருக்கும். பெட்டிக் காற்று 40.5 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் கருக்கள் சாகும். அதனால் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் இன்குபேட்டர் வைக்கவே வைக்காதீர்கள். செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் தடித்த சுண்ணாம்புச் சுவர் கொண்ட உள்ளறைகள் பகல் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் ஜன்னல் வெயில் படாத ஓர் அறை கிடைத்தால் அதுதான் இடம்.

குளிர்ச்சியை முட்டை நன்றாகவே தாங்கும். அடைக்கோழியே தினமும் ஒருமுறை எழுந்து போய்த் தீனி, தண்ணீர் எடுத்துவிட்டுத்தான் திரும்பி வரும். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று அடைக்கூடையில் கரித்துண்டும் இரும்பும் போட்டு வைக்கும் ஆச்சிகள் இன்றும் உண்டு. அந்தக் கரியும் இரும்பும் கருவை எதுவும் செய்வதில்லை. ஆனால் இன்குபேட்டர்காரருக்கு இடி மழை என்றால் கரண்ட் போகும். அப்போது பெட்டியைத் திறக்காமல், காற்றுத் துளைகளை மட்டும் விட்டுவிட்டுப் போர்வையால் மூடி வையுங்கள். ஓரிரு மணி நேரத்தில் பெரிய சேதம் வராது.

வெயில் காலத்தில் இன்னொரு சேதம், அடை வைப்பதற்கு முன்பே நடந்துவிடும். சேவலோடு சேர்ந்த கோழி இட்ட முட்டையில், வெளியே வரும்போதே கரு பல்லாயிரம் செல்களாகப் பெருகியிருக்கும். சுமார் 20 டிகிரிக்குக் கீழே அது அப்படியே உறங்கும். 33 டிகிரி அறையில் அது உறங்கவும் இல்லை, ஒழுங்காக வளரவும் இல்லை. அரைகுறையாகத் தொடங்கிப் பலவீனப்படும். ஆகவே கோடையில் முட்டையை நான்கைந்து நாளுக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். ஈர மணலில் புதைத்த மண்பானைக்குள், கூர்முனை கீழே இருக்கும்படி வைக்கலாம். அழுக்கு இருந்தாலும் கழுவ வேண்டாம். ஓட்டின்மேல் உள்ள மெல்லிய பூச்சுதான் கிருமியைத் தடுக்கிறது.

தினமும் மூன்று முறையாவது திருப்பி வைக்க வேண்டும். இல்லையென்றால் கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும்.

ஏழாம் நாள் இருட்டறையில் போன் டார்ச்சின்மேல் முட்டையின் மழுங்கிய பக்கத்தை வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து எல்லாப் பக்கமும் பிரியும் மெல்லிய சிவப்பு நரம்புகள், கொஞ்சம் பொறுத்தால் புள்ளி அசைவதும் தெரியும். இதயம் இரண்டாம் நாளே துடிக்கத் தொடங்கிவிடும். மூன்றாம் நாள் முட்டையை உடைத்து அந்தச் சிவப்புத் துடிப்பைப் பார்த்து எழுதி வைத்தவர் பழங்காலக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். நரம்பே இல்லாமல் தெளிவாக ஒளிர்ந்தால் கரு கூடாத கூமுட்டை. ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடங்கி இறந்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள்; உள்ளே அழுகி வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும்.

18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 வரை ஏற்றி, மூடியைச் சாத்திவிட வேண்டும். இனி உள்ளே நடப்பது அத்தனையும் குஞ்சின் வேலை. தலையை வலது இறக்கைக்கு அடியில் செருகி, அலகைக் காற்றறைப் பக்கம் வைத்திருக்கும். இத்தனை நாள் ஓட்டை ஒட்டிப் படர்ந்த இரத்தக்குழாய்ச் சவ்வுதான் அதற்கு நுரையீரல். வளர்ந்த உடம்புக்கு அந்தக் காற்று போதாமல் கார்பன் டை ஆக்சைடு ஏறும்போது கழுத்துத் தசை துடித்து, அலகு சவ்வைக் கிழித்துக் காற்றறைக்குள் நுழையும். அப்போதுதான் நுரையீரல் முதன்முறை விரிகிறது. மூடியைத் திறக்காமல் பெட்டியருகே காதை வைத்தால் கீச்சுச் சத்தம் கேட்கும். அடைக்கோழியின் கீழ் இருந்தால் தாய் மெல்லக் கொக்கரித்துப் பதில் சொல்லும்.

அலகு நுனியில் சோற்றுப் பருக்கையைவிடச் சிறிய வெள்ளை முனை ஒன்று இருக்கும். அதனால் ஓட்டை ஒரே இடத்தில் குத்தி, நட்சத்திரம் போன்ற விரிசல் விடும். அப்புறம் பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது. இங்கேதான் நம் கை அரிக்கும். தொடாதீர்கள். அந்த நேரத்தில் சவ்வின் இரத்தம் உடம்புக்குள் திரும்பிக்கொண்டிருக்கும், மிச்ச மஞ்சள்கரு வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் இரத்தம் ஒழுகிக் குஞ்சு சாகும். மூடியைத் திறந்தாலும் ஈரம் வெளியேறிச் சவ்வு இறுகிவிடும். முதல் விரிசலிலிருந்து 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். பிறகு குஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று ஓட்டைச் சுற்றிலும் வெட்டி, மேல்மூடியைத் தள்ளிக்கொண்டு வரும்.

வயிற்றில் உள்ள மஞ்சள்கரு இரண்டு நாளுக்குப் போதும். அதனால் இறகு உலரும்வரை குஞ்சை உள்ளேயே விடலாம். அப்புறம் முதல் வாரம் 35 டிகிரி சூட்டில், முதலில் தண்ணீர், பிறகு குஞ்சுத் தீவனம் அல்லது நொய். முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்த் தடுப்புச் சொட்டு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள்.