கருப்பு மணல்ல இருந்து வர்ற வெள்ளை

போன பொங்கலுக்கு வீட்டு முன்பக்கத்துக்கு பெயின்ட்டு, பின்பக்க காம்பவுண்டுக்கு சுண்ணாம்பு போதும்னு முடிவு பண்ணோம், பெயின்ட் விக்கிற விலைக்கு வேற வழி இல்ல. சுண்ணாம்பு அடிச்சு முடிச்ச சுவர பாத்தா பழைய கறையெல்லாம் அப்படியே தெரியுது. சுண்ணாம்பு அடிச்சவருகிட்ட என்னண்ணே தண்ணியா கரைச்சிட்டீங்களான்னு கேட்டேன், "காயட்டும் தம்பி, தன்னால வெளுக்கும்"னு சொல்லிட்டு அவரு டீ குடிக்க போயிட்டாரு. மத்தியானம் பாத்தா சுவரு பளிச்சுனு நிக்குது. ஆனா முன்பக்கம் அடிச்ச பெயின்ட்டு ஈரத்துலயே கறைய மறைச்சிடுச்சு. அது எப்படி?

ஒரு பொருள் மேல படுற வெளிச்சத்த அது எதையும் முழுங்காம நாலா பக்கமும் சிதற விட்டா நம்ம கண்ணுக்கு வெள்ளையா தெரியும், அவ்ளோதான். கல்லுப்பு ஒண்ணு எடுத்து பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும், அதையே பொடிச்சு குவிச்சா வெள்ளை. எவ்வளவு சிதறும்ங்கறது ஒளிவிலகல் எண்ண பொறுத்தது, அதாவது ஒரு பொருளுக்குள்ள நுழையும்போது வெளிச்சம் எவ்வளவு வளையும்ங்கறதுக்கான கணக்கு. காத்துக்கு 1, தண்ணிக்கு 1.33, சுண்ணாம்புக்கு சுமாரா 1.6. துகளுக்கும் அத சுத்தி இருக்கறதுக்கும் இந்த நம்பர்ல வித்தியாசம் கூட கூட சிதறலும் கூடும். சுவரு ஈரமா இருக்கும்போது சுண்ணாம்பு துகளுக்கு நடுவுல தண்ணி, வித்தியாசம் கம்மி, வெளிச்சம் பாட்டுக்கு உள்ள போய் கறைய தொட்டுட்டு வருது. காஞ்சதும் தண்ணி இருந்த எடத்துல காத்து வந்துடுது, சுவரு வெளுக்குது. அரிசிமாவு கரைச்சு போடுற இழைக்கோலமும் இதே கதைதான், போடும்போது மங்கலா இருக்கும், காஞ்சப்புறம் தான் எடுப்பா தெரியும்.

பெயின்ட்டுல அந்த வேலை நடக்காது, ஏன்னா துகள புடிச்சு வச்சிருக்கிற பிசின் காஞ்சாலும் அங்கயேதான் இருக்கும், அதோட எண் சுமார் 1.5. அதுக்குள்ள சுண்ணாம்பு பொடிய போட்டா 1.5-க்கும் 1.6-க்கும் என்ன பெரிய வித்தியாசம் வந்துடப்போகுது. அதனால அங்க வேற ஆள் வேணும், அவருதான் டைட்டானியம் டை ஆக்சைடு. அதுல ரூட்டைல்னு ஒரு வகை, எண் 2.7 பக்கம், வைரமே 2.42 தான்! துகளோட அளவும் முக்கியம், 0.2-ல இருந்து 0.3 மைக்ரான், அதாவது வெளிச்சத்தோட அலைநீளத்துல ஏறக்குறைய பாதி, அப்பதான் சிதறல் உச்சம். அதையே பத்துல ஒரு பங்கா ஆக்கிட்டா வெள்ளையே காணாம போயிடும், புற ஊதாக்கதிர மட்டும் தடுக்கும். பூசினா முகம் வெளுக்காத சன்ஸ்க்ரீன்ல இருக்கறது அதுதான். பல பேஸ்ட்டுலயும் இது உண்டு, டியூப் பின்னாடி சிஐ 77891னு போட்டிருந்தா அது இவருதான்.

இவ்வளவு வெள்ளையான இந்த சாமான் எங்க இருந்து வருதுன்னா, கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில இருக்கற கருப்பு மணல் மாதிரி மணல்ல இருந்துதான். இல்மனைட்னு பேரு, டைட்டானியமும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். கரையில அது பட்டை பட்டையா ஒதுங்கறதுக்கு காரணம் அரிசி அரிக்கிறவங்களுக்கு தெரியும், தண்ணிய ஆட்ட ஆட்ட அரிசி நகரும், கல்லு அடியில தங்கும். சாதா மணல் தண்ணிய விட 2.65 மடங்கு கனம், இல்மனைட் 4.7 மடங்கு. அலை திரும்பும்போது லேசானத இழுத்துட்டு போயிடுது, கனமானது கரையிலயே கெடக்குது.

கருப்புக்கு காரணம் இரும்பு. கந்தக அமிலத்துல கரைச்சு இரும்ப பிரிச்சா அது பச்சை படிகமா வெளிய வரும், நாட்டு மருந்து கடையில அன்னபேதின்னு கேட்டா குடுப்பாங்களே அதேதான், பல இரும்புச்சத்து மாத்திரையிலயும் இந்த ஃபெரஸ் சல்பேட் தான் இருக்கும். மிச்சத்த கொதிக்க வச்சு படிய விட்டு சூளையில சுட்டா வெள்ளை பொடி.

இதுல வேடிக்கை என்னன்னா இந்த மணல முதல்ல தேடி வந்தவங்க வெள்ளைக்காக வரல. ஷாம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர், 1909-ல, திருவிதாங்கூர்ல இருந்து போன தேங்கா நார் கயித்துல ஒட்டியிருந்த மணல்ல மோனசைட்ங்கற இன்னொரு கனிமத்த கண்டுபுடிச்சாரு. கன்னியாகுமரி அப்ப திருவிதாங்கூர்ல இருந்தது. மோனசைட்டுல தோரியம்ங்கற உலோகம் இருக்கு, அது தேவைப்பட்டது கேஸ் விளக்கு மேன்டிலுக்கு. நம்ம ஊரு பெட்ரோமாக்ஸ் மேன்டிலும் அதே வம்சம்தான். தோரியம் உப்புல ஊறுன துணிப்பை, மொத தடவை பத்த வச்சதும் துணி எரிஞ்சு போயிடும், ஆக்சைடு கூடு மட்டும் நிக்கும், சூடேறி வெளிச்சம் குடுக்கறது அந்த கூடுதான். சின்ன வயசுல கோயில் கொடையில எங்க மாமா புதுசா மேன்டில் கட்டி பத்த வச்சிட்டு "எவனும் தொடாதீங்கலே"ன்னு சொல்லிட்டு திரும்புறதுக்குள்ள நான் ஒரு விரல வச்சேன். அப்படியே பொடியா உதிர்ந்துடுச்சு.