வேலைநீக்கக் கடிதத்தோடு பிரசெல்ஸுக்கு எழுதிக்கொண்டு இருக்காதீர்கள்

இந்த வருடத்தில் இது மூன்றாவது ஆள். ஜெர்மனியில் ஓர் உணவகச் சமையலறையில் 11 வருடம் நின்ற அண்ணை ஒருவர், வேலைநீக்கக் கடிதத்தை என் மேசையில் வைத்தார். அது கைக்கு வந்து 4 மாதம் ஆகியிருந்தது.

“இவ்வளவு நாளும் என்ன அண்ணை செய்தீர்கள்?”

“தம்பி, இது ஐரோப்பியச் சட்டம் எல்லோ? நான் மேலிடத்துக்கே எழுதிப் போட்டனான்.”

பிரசெல்ஸில் இருக்கிற ஐரோப்பிய ஆணையத்தின் பதிலையும் கொண்டுவந்திருந்தார். உள்நாட்டு நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். ஜெர்மனியில் வேலைநீக்கத்தை எதிர்த்து வழக்குப் போட, கடிதம் வந்ததிலிருந்து இருப்பது 3 வாரம். ஆணையத்துக்கு முறைப்பாடு எழுதியதால் அது ஒரு நாள்கூட நீளாது.

ஐரோப்பியச் சட்டத்தை ஆணையம் முன்மொழிய, ஐரோப்பிய நாடாளுமன்றமும் அமைச்சர்கள் அவையும் நிறைவேற்றுகின்றன. சரி. சில சட்டங்கள் அப்படியே எல்லா நாட்டிலும் செல்லும். தொழிலாளர் சட்டங்கள் பெரும்பாலும் ‘ரிஷ்ட்லீனியே’ (ஆங்கிலத்தில் டைரக்டிவ்) வகை. ஒரு தேதிக்குள் ஒவ்வொரு நாடும் தன் சட்டமாக எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாவிட்டால் ஆணையம் வழக்குப் போடுவது அந்த நாட்டின் மேல். முறைகேட்டை வெளியே சொல்லும் ஊழியர்களைக் காக்கும் சட்டத்தை ஜெர்மனி 2021 டிசம்பருக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். 2023 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்காக 2025 மார்ச்சில் 3.4 கோடி யூரோ அபராதம். அதில் ஒரு சென்ட்கூட எந்த ஊழியர் கைக்கும் போகாது.

அப்புறம் லக்சம்பர்க்கில் இருக்கிற ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம். ஜெர்மனியில் தோற்றால் அங்கே அப்பீல் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒரு அப்பீலே கிடையாது. உங்கள் வழக்கை விசாரிக்கிற ஜெர்மன் நீதிபதிக்கு ஐரோப்பியச் சட்டத்தில் சந்தேகம் வந்தால், அவர்தான் கேள்வி அனுப்புவார். பதில் வந்தபின் தீர்ப்பெழுதுவதும் அவரே. நீங்களோ நானோ வழக்கைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றமோ ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைப்பே இல்லை. அங்கேயும் உள்நாட்டு வழிகளை முடித்துவிட்டுத்தான் போகலாம்.

ஆக ஐரோப்பியச் சட்டத்தின் வாசல் உங்கள் ஊர்த் தொழிலாளர் நீதிமன்றம்தான். முதற்கட்டத்தில் வக்கீல் கட்டாயமில்லை. நேரில் போய் வாயால் சொன்னால் அங்கேயே மனுவாக எழுதித் தருவார்கள். 10 பேர்கூட இல்லாத கடை என்றாலும் அதே 3 வாரம். கடிதம் தபால்பெட்டியில் விழுந்த நாளைக் குறித்து வையுங்கள், உறையை எறியாதீர்கள். “அடுத்த மாதம் திரும்பக் கூப்பிடுகிறேன்” என்று முதலாளி சொன்னால் நம்பி உட்காராதீர்கள், தயவுசெய்து. டொச் (ஜெர்மன் மொழி) தெரியாவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே போங்கள்.

அந்த அண்ணைக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் எடுக்காத ஊர்லாப் (சம்பளத்தோடு கூடிய விடுமுறை) நிறைய இருந்தது. அது அழியப்போகிறது என்று முதலாளி முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருக்காவிட்டால், வருடம் முடிந்தது என்பதற்காக மட்டும் அது அழியாது. ஜெர்மன் நீதிபதிகள் கேட்ட கேள்விக்கு லக்சம்பர்க் 2018 நவம்பரில் சொன்ன பதில் அது. விடுமுறை அழியப்போகிறது என்று அண்ணையிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த விடுமுறைக்கான பணத்துக்குத்தான் இப்போது இங்கே, எங்கள் ஊர் நீதிமன்றத்தில், மனுப் போட்டிருக்கிறோம்.