புல்லட்: தோட்டா வேறு, குண்டு வேறு

'உடலில் மூன்று தோட்டாக்கள் பாய்ந்தன' என்று செய்திகளில் படிக்கிறோம். பாய்வது தோட்டா அல்ல. பித்தளைக் கூடு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், வெடிமருந்து, முனையில் செருகிய உலோகத் துண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. சுட்டதும் கூடு இலக்கை நோக்கிப் போகாது. பறந்து போவது அந்த உலோகத் துண்டு. புல்லட் என்பது அது மட்டும்தான்.

பிரெஞ்சில் 'பூல்' என்றால் உருண்டை. அதன் குறுமை வடிவத்திலிருந்து வந்தது புல்லட். அந்தக் காலத்தில் ஈய உருண்டையைத்தான் குழலில் போட்டுச் சுட்டார்கள். வடிவம் நீண்டு கூர்மையான பிறகும் பெயர் மாறவில்லை. தமிழின் 'குண்டு'வுக்கும் உருண்டை என்பதே பொருள், குண்டுமணியை நினைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பொருந்தும் சொல் கையில் இருக்க, உருதுவழி வந்த 'தோட்டா'வை இதற்கு வழங்குவது பிழை. தோட்டா, கார்ட்ரிட்ஜ் என்ற முழுத் தொகுப்புக்கு உரியது. வெடிகுண்டோடு குழம்பும் என்றால் 'துப்பாக்கிக் குண்டு' என்று எழுதலாம். இலங்கைத் தமிழில் வழங்கும் 'சன்னம்' அந்தக் குழப்பமும் இல்லாத நல்ல சொல்.

நெடுந்தூர இலக்குச் சுடுதலில் இந்த வேறுபாடு தெரியாமல் ஓர் அடிகூட நகர முடியாது. 308 வின்செஸ்டர் என்பது தோட்டாவின் பெயர். அதற்குள் 155, 168, 175 கிரெயின் என்று பல குண்டுகள் பொருந்தும். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். பெட்டியில் 175 என்றிருந்தால் அது குண்டின் எடை, அதாவது 11.3 கிராம்; முழுத் தோட்டா ஏறத்தாழ 25 கிராம் இருக்கும். பால்மா என்ற நெடுந்தூரச் சுடுதல் போட்டியின் விதியில் 308-க்கு 156 கிரெயினுக்குக் குறைவு என்ற வரம்பும் குண்டுக்குத்தான்.

எடையை மட்டும் பார்த்து வாங்குவது ஏமாற்றும். சியரா நிறுவனத்தின் மேட்ச்கிங் வரிசையில் 168 கிரெயின் குண்டு 300 மீட்டர் போட்டிக்கென்று பிறந்தது. அங்கே துளைகள் அருமையாக ஒரே இடத்தில் நெருங்கி விழும். 1000 கஜத்துக்கு, அதாவது 914 மீட்டருக்குக் கொண்டுபோனால், வேகம் ஒலிவேகத்தை நெருங்கும் இடத்தில் தள்ளாடத் தொடங்கும். அட்டையில் வட்டத் துளைக்குப் பதில் நீள்வாட்டில் கிழிசல் விழுந்தால், குண்டு பக்கவாட்டில் திரும்பி வந்திருக்கிறது என்று பொருள். காரணம் வாலில் இருக்கிறது: 168-இன் படகுவால், அதாவது பின்னோக்கிக் குறுகும் அடிப்பகுதி, 13 பாகை சரிவு, 175-இல் 9 பாகை. சரிவு குறைந்த வால் அந்த வேகத்தைப் பதறாமல் கடக்கிறது.

அடுத்துப் பார்க்க வேண்டியது நீளம். குழலின் முறுக்குப் பள்ளம் குண்டைச் சுழற்றி நிலைநிறுத்துகிறது. குண்டு நீள நீள முறுக்கு நெருக்கமாக வேண்டும். 1879-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் கிரீன்ஹில் தந்த கணக்கு இன்றும் முதல் மதிப்பீட்டுக்குப் போதும்: விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி நீளத்தால் வகுக்க வேண்டும், எல்லாம் அங்குலத்தில். 0.308 விட்டம், 1.24 நீளம் என்றால் விடை சுமார் 11.5, அதாவது அத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று; அந்தக் குண்டுக்கு 11 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள குழல் போதும், இந்தக் கணக்கின்படி 14 அங்குலக் குழல் அதற்குப் போதாது.

போட்டிக் குண்டின் மூக்கில் ஊசித்துளை போல ஒரு வாய் இருக்கும். வேட்டைக் குண்டுபோல் விரிவதற்காக வைத்ததல்ல அது. செம்பு உறையின் அடியை மூடியபடி வைத்து, ஈயத்தை மூக்குவழி இட்டுக் குவிக்கும்போது மிஞ்சும் வாய். ராணுவ முழுவுறைக் குண்டில் மூக்கு மூடி, அடி திறந்திருக்கும். குழலை விட்டு வெளியேறும் கணத்தில் வாயு தள்ளுவது அடியை. அங்கே சிறு கோணல் இருந்தாலும் குண்டு விலகிவிடும். அதனால் சில குண்டுகளைக் கவிழ்த்து, அடிவிளிம்பு சீராக இருக்கிறதா என்று பாருங்கள்.