விபத்து இழப்பீடு: சமரசத்துக்குக் கையெழுத்துப் போடும் முன்

சாலை விபத்தில் ஒருவர் இறந்த வீட்டில், காரியம் முடிவதற்குள்ளேயே சமரசம் பேச ஆள் வந்துவிடும். "வண்டிக்காரர் ஐம்பதாயிரம் தரேங்கிறார், கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கா இழுக்கும்" என்பார்கள். தயவுசெய்து அந்த நேரத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் குடும்பத்துக்குச் சட்டப்படி எவ்வளவு வர வேண்டும் என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஓட்டுநர் மீதான போலீஸ் வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. இழப்பீட்டுக்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின் கீழ், மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் இந்த மனுவை எம்.சி.ஓ.பி. என்பார்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீட்டு உரிமை தானாகப் போய்விடாது. இங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தே முடிவு செய்வார்கள்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த 32 வயது பெயின்டர் ஒருவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா அவரை நம்பி இருந்தார்கள். 40 வயதுக்குக் கீழ் சொந்தத் தொழில் செய்தவர் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்ப்பார்கள்: 21,000. நான்கு பேர் சார்ந்திருந்ததால், அவருடைய சொந்தச் செலவு என்று கால் பங்கு கழிப்பார்கள்: 15,750. ஆண்டுக்கு 1,89,000. அவருடைய வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கல் எண் 16. ஆக 30,24,000 ரூபாய். ஈமச்சடங்குச் செலவும், கணவரையும் தந்தையையும் மகனையும் இழந்ததற்கான தொகையும் இதற்கு மேல். ஐம்பதாயிரம் எங்கே, முப்பது லட்சம் எங்கே!

உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் நிர்ணயித்த கணக்கு இது. இதில் வருமானம்தான் அடித்தளம். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் வங்கிப் பாஸ்புக், ஜிபே வரவு, மேஸ்திரியின் சாட்சியம் என்று எதையும் விட்டுவிடக் கூடாது. ஆதாரம் இல்லாவிட்டால் தீர்ப்பாயமே உத்தேசமாக ஒரு தொகையை எடுத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் உண்மை வருமானத்தைவிடக் குறைவாகவே இருக்கும். இறந்தவர் இல்லத்தரசி என்றால் "வருமானம் இல்லை" என்று யாராவது சொல்லக்கூடும். அதை ஏற்காதீர்கள். வீட்டு வேலைக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

காயமடைந்தவர்கள் மருத்துவ பில், டிஸ்சார்ஜ் சம்மரி, ஊனச் சான்று மூன்றையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஊன சதவீதத்தைவிட, அந்த ஊனம் உங்கள் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்பதுதான் முக்கியம். விரல் போன தையல்காரருக்கும் விரல் போன கணக்காளருக்கும் இழப்பு ஒன்றல்ல.

உங்கள் பக்கமும் தவறு இருந்தால் அந்தப் பங்கு கழிக்கப்படும். எதிர் வண்டி ஓட்டுநரிடம் லைசென்ஸ் இல்லை என்றால், முதலில் இன்சூரன்ஸ் நிறுவனம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிட முடியும். யார் மீது தவறு என்றே நிரூபிக்க வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு 164ஆம் பிரிவு உண்டு: மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். இடித்த வண்டி நிற்காமல் போய், எது என்றே தெரியாவிட்டால் தனித் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. இதற்கு விண்ணப்பம் தீர்ப்பாயத்துக்கு அல்ல, கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்துக்கு.

2022 ஏப்ரலுக்குப் பிறகு நடந்த விபத்து என்றால் 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கெடு தாண்டியிருந்தாலும் நீங்களாகவே கைவிடாதீர்கள், வழக்கறிஞரைப் பாருங்கள். ஃபீஸுக்குப் பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். அங்கே நடக்கும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகவும் முடிக்கலாம். ஆனால் மேலே சொன்ன கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.