‘ஆல்வேஸ் ஆன்லைன்’: தமிழில் என்ன சொல்லலாம்?

போனில் ‘லைன்ல இருங்க’ என்கிறோமே, ஆன்லைனில் இருப்பதும் அதே லைன்தான், அதாவது கம்பி. 1950களில் பெரிய கணினியோடு கம்பியால் நேரடியாக இணைந்திருந்த கருவியை ஆன்லைன் என்றார்கள், இணைப்பு இல்லாதது ஆஃப்லைன். அப்புறம் இணையம் வந்தது, கம்பி தேவைப்படாத காலமும் வந்தது, சொல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

அதன் முன்னால் ‘ஆல்வேஸ்’ சேர்ந்தபோது முதலில் அது நல்ல செய்தியாகத்தான் இருந்தது. இணையத்துக்குள் போக ஒவ்வொரு முறையும் போன் லைனில் டயல் செய்து காத்திருந்தவர்களுக்கு, எப்போதும் இணைப்பிலேயே இருக்கலாம் என்பது பெரிய வசதி. வீடியோ கேம் உலகத்துக்குள் போனதும் ‘இருக்கலாம்’ என்பது ‘இருந்தே ஆக வேண்டும்’ என்று மாறியது, இந்தச் சொல்லில் எனக்கு உறுத்துவது அதுதான்.

2012 மே மாதம் டயாப்லோ 3 என்ற வீடியோ கேம் வெளியானது. தனியாக உட்கார்ந்து ஆட நினைத்தவரும் அதை உருவாக்கிய நிறுவனத்தின் சர்வருக்குள் நுழைந்தே ஆக வேண்டும். முதல் நாளே ‘சர்வர் நெரிசலாக இருக்கிறது, பிறகு முயலுங்கள், பிழை 37’ என்று திரையில் வந்து நின்றது. காசு கொடுத்து வாங்கிய ஆட்டம், கூட ஆட யாரும் வேண்டாம், ஆனாலும் ஆட முடியாது! அடுத்த ஆண்டு ஜூனில் மைக்ரோசாஃப்ட், தன் புதிய கேம் கருவியான எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டங்கள் ஓடாது என்று அறிவித்தது. இணைப்பு கிடைக்காதவர்களுக்கு பழைய எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறதே என்றார் எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவர் டான் மேட்ரிக். போட்டி நிறுவனமான சோனியோ தன் கேம் கருவி பிளேஸ்டேஷன் 4-க்கு அப்படி எதுவும் வேண்டாம் என்று மேடையிலேயே சொன்னது, எதிர்ப்பு வலுத்தது, ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. கருவியை முதல்முறை அமைக்கும்போது மட்டும் இணைப்பு தேவை என்பதோடு நின்றது.

சரி, தமிழுக்கு வருவோம். ஆன்லைனுக்கு நம்மிடம் சொற்கள் நிறையவே உண்டு. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் ‘இணையவழி’ என்கிறது, ஆன்லைன் பாதுகாப்புக்கான இலங்கையின் 2024 சட்டம் ‘நிகழ்நிலை’ என்கிறது, ‘இயங்கலை’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். இவற்றின் முன்னால் ‘எப்போதும்’ போட்டு ‘எப்போதும் இணையவழி’ என்று எழுதினால் வார்த்தைக்கு வார்த்தை சரியாக இருக்கும், பொருள்தான் தப்பிவிடும். அதில் உள்ள நிர்ப்பந்தம் எங்கே? ‘நெட் இருந்தால்தான் ஓடும்’ என்று பேச்சில் சொல்லும்போது அந்தத் ‘தான்’ காட்டும் நெருக்கடி எழுத்திலும் வர வேண்டும்.

அதனால் நான் ‘இணையக் கட்டாயம்’ என்றே எழுதுகிறேன். இணையக் கட்டாய ஆட்டம், இணையக் கட்டாயமுள்ள கருவி என்று சேர்த்தும் எழுதலாம், சொன்னதும் யாருக்கும் புரியும். ஒரே ஒரு வேறுபாடு: பத்துப் பேர் பத்து ஊரிலிருந்து சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்கு இணைப்பு இயல்பாகவே தேவை, அதை ‘இணையவழி ஆட்டம்’ என்றாலே போதும். தனியாக ஆடுவதற்கும் இணைப்பு கேட்டால் அது இணையக் கட்டாயம்.