அம்மை குத்தியது எத்தனை வருஷம் தாங்கும்?

பென்னாகரம், அரூர் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய பலரின் கையில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். பெரியம்மை வராமலிருக்கச் சின்ன வயதில் அம்மை குத்திய இடம். இந்தியாவில் கடைசியாக அந்த நோய் வந்தது 1975-இல். அதற்குப் பிறகு இவர்கள் உடம்பு அந்தக் கிருமியைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் அந்தக் கிருமியைப் பற்றிய நினைவு உடம்பில் அழியவில்லை. அமெரிக்காவில் அம்மை குத்திக்கொண்டவர்களைச் சோதித்து 2003-இல் வெளியிட்ட முடிவுப்படி, 75 வருஷம் கழித்தும் ரத்தத்தில் எதிர்ப்பொருள் (கிருமியைப் பிடித்து முடக்கும் புரதம்) பெரிதாகக் குறையவில்லை.

இதில் வியப்பு என்னவென்றால், எதிர்ப்பொருள் அப்படி நாள்பட நிற்கிற பொருளே இல்லை. சுமார் மூன்று வாரத்தில் பாதி அழிந்துபோகும். விடாமல் புதிதாகச் சுரந்தால்தான் அளவு நிலைக்கும். சுரப்பவை பிளாஸ்மா செல்கள் என்ற ஒருவகை நோய் எதிர்ப்புச் செல்கள். அவற்றில் பெரும்பாலானவை நோய் அடங்கியதும் இறந்துவிடும். கொஞ்சம் மட்டும் எலும்பு மஜ்ஜைக்குப் போய்த் தங்கும். அங்கே சுற்றியுள்ள செல்கள் உயிர்வாழத் தேவையான சமிக்ஞைகளைத் தரும்வரை, பிரிந்து பெருகாமல், பல வருஷங்கள் சுரந்துகொண்டே இருக்கும்.

கிருமியை நினைவில் வைத்திருக்கும் இன்னொரு வகை நோய் எதிர்ப்புச் செல்களான நினைவு டி செல்கள் வேறு வழியில் பிழைக்கின்றன. கேழ்வரகுப் பயிர் சில மாதத்தில் முடிந்துவிடும், ஆனால் விதை எடுத்து வைத்தால் தாத்தா விதைத்த ரகம் இன்றும் காட்டில் நிற்கும் அல்லவா? அதுபோல, தனிச் செல் இறந்தாலும் வம்சம் தொடரும். ஐஎல்-7, ஐஎல்-15 என்ற புரதங்கள் அவற்றை உயிரோடு வைத்து, மெதுவாகப் பிரியவும் வைக்கின்றன. கிருமி மறுபடி வரவேண்டியதில்லை. எவ்வளவு மெதுவாக என்பதைக் கனநீர் குடிக்கக் கொடுத்து அளந்தார்கள். அதிலுள்ள கன ஹைட்ரஜன், செல் பிரியும்போது புதிதாக உருவாகும் டிஎன்ஏவில் சேர்ந்துவிடும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி உருவாக்கிய ஒருவகை நினைவு டி செல்கள் வருஷத்துக்கு ஒருமுறைகூடப் பிரியவில்லை!

சரி, அப்புறம் ஏன் ரணஜன்னி (டெட்டனஸ்) வராமலிருக்கப் போடும் டிடி ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்? எல்லா நினைவுக்கும் ஆயுள் ஒன்றல்ல. தட்டம்மை எதிர்ப்பொருள் வாழ்நாள் முழுக்க அநேகமாகக் குறையாது. ரணஜன்னிக்கானது சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. அதனால்தான் 10 வயதிலும் 16 வயதிலும் ஊசி. பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்தில் களைக்கொத்து காலில் பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், "கடைசியா டிடி எப்போ போட்டீங்க?" என்று கேட்பதும் இதற்காகவே. தயவுசெய்து அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். ரணஜன்னி வந்து பிழைத்தவரும் ஊசி போட்டே ஆகவேண்டும். ஏனென்றால் ஆளையே கொல்லப் போதுமான அந்த நஞ்சின் அளவு, நினைவுச் செல்களை உண்டாக்கப் போதாது.