இரத்தப்போக்கும் நத்தையும்

அச்சுக்கு அனுப்பும் முன் வடிவமைப்பு மென்பொருளில் என்னென்ன அமைக்க வேண்டும் என்று விளக்கும் தமிழ்க் கையேடு ஒன்றைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு துணைத்தலைப்பு: ‘இரத்தப்போக்கு மற்றும் நத்தை’. அதன் கீழே, ‘ஆவணத்தின் இரத்தப்போக்கை நான்கு பக்கமும் 3 மி.மீ. என அமைக்கவும்’ என்று அறிவுரை. நான்கு பக்கமும் இரத்தம் போனால் ஆவணம் பிழைக்குமா என்று ஓரத்தில் எழுதிவிட்டு மேலே படித்தேன்.

இது ஒன்று மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ‘இரத்தப்போக்கு’, ‘ப்ளீடு’ (bleed) என்ற ஆங்கில அச்சுச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு எந்திரம் போட்ட சொல். படிக்கிற எவருக்கும் அது தப்பு என்று உடனே தெரிந்துவிடும், அதனால் பெரிய கெடுதல் இல்லை. எனக்குக் கோபம் அதற்கு அடுத்த நிலையில் இருக்கும் ‘கசிவு’ மேல்தான். அதே ப்ளீடுக்கு விவரம் தெரிந்தவர்கள் யோசித்துப் போட்ட சொல் அது. சொல்லடைவுகளில் ஏறிவிட்டது, பாடங்களில் ஏறிவிட்டது, கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பார்க்க ஒழுங்காக இருக்கிறது, பொருளில் தலைகீழாக நிற்கிறது.

முதலில் ப்ளீடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். விளிம்பு வரை நிறம் போகும் ஒரு மேலட்டையை அச்சகத்தில் சரியான அளவுத் தாளில் அடிப்பதில்லை. பெரிய தாளில் அடித்து, பிறகு வெட்டுகிறார்கள். நூற்றுக்கணக்கான தாள்களை அடுக்கி, மேலே அழுத்துகட்டை இறங்கிப் பிடித்துக்கொள்ள, கத்தி ஒரே வீச்சில் இறங்குகிறது. அடுக்கின் மேல் தாளும் அடித் தாளும் மயிரிழை கூட விலகாமல் ஒரே இடத்தில் வெட்டுப்படும் என்று யாரும் உறுதி தர முடியாது. அரை மி.மீ. அங்கே இங்கே நகரும். நிறம் மிகச் சரியாக வெட்டுக்கோட்டிலேயே நின்றிருந்தால், அந்த அரை மி.மீ. விலகல் வெள்ளைக் கோடாகத் தெரியும். கறுப்பு அட்டையில் ஒரு பக்கம் மட்டும் நூல் ஒட்டியதுபோல வெள்ளை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தவிர்க்க, நிறத்தையும் படத்தையும் வெட்டுக்கோட்டைத் தாண்டி இழுத்துவிட வேண்டும். மெட்ரிக் அளவு புழங்கும் இடங்களில் வழக்கம் 3 மி.மீ. அங்குலக்காரர்களுக்கு எட்டில் ஒரு அங்குலம், அதாவது 3.175 மி.மீ. ஆக, 210 × 297 மி.மீ. உள்ள ஏ4 பக்கம் அச்சுக்குப் போகும்போது 216 × 303 ஆகிறது. கூடுதலாக விட்ட அந்த 3 மி.மீ.தான் ப்ளீடு. வெட்டியதும் குப்பைக்குப் போய்விடும்.

சரி, இதற்கு ஏன் இரத்தத்தின் பெயர்? ஆங்கிலத்தில் இரத்தத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தே வந்த வினை இது. புத்தகம் கட்டுகிறவர்கள் ஓரத்தைச் சீவும்போது கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கி அச்செழுத்தையே வெட்டிவிட்டால், ‘புத்தகத்துக்கு இரத்தம் வந்துவிட்டது’ என்ற பொருளில் இதைச் சொன்னார்கள். கத்தி பட்டது, காயம் ஆனது, அவ்வளவுதான் உவமை. அன்று கை தவறி நேர்ந்ததை இன்று வேண்டுமென்றே செய்கிறோம், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இங்கே தூய்மைவாத நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘இரத்தப்போக்கு’ என்று இருந்த ஒரு பட்டியலை அவரிடம் காட்டினேன். முகம் சுளித்தார். எனக்கு மகிழ்ச்சி. பேனாவை எடுத்து ‘இரத்த’ என்பதை அடித்து, ‘குருதி’ என்று எழுதினார். குருதிப்போக்கு! இரத்தம் வடமொழியாம். சொல்லைக் குளிப்பாட்டிவிட்டார், பொருளின் அழுக்கு அப்படியே இருக்கிறது. எனக்கும் நல்ல தமிழ்மேல் ஆசைதான், ஆனால் வேர் பார்க்கும் முன் வேலை பார்க்க வேண்டும்.

இனி கசிவுக்கு வருகிறேன். பானை கசிகிறது, குழாய் கசிகிறது, கூரை கசிகிறது. தேர்வுத்தாள்கூடக் கசிகிறது. கசிவு என்றால் அடைத்து வைத்த ஒன்று, நாம் விரும்பாமல், நம்மையும் மீறி, மெல்ல வெளியே வருவது. மனம் கசிவதைத் தவிர வேறு எந்தக் கசிவையும் தமிழன் நல்லதாகச் சொன்னதில்லை. அப்படி இருக்க, வடிவமைப்பவர் அளந்து, எண் கொடுத்து, வேண்டுமென்றே விடுகிற ஒன்றுக்கு இந்தச் சொல் எப்படிப் பொருந்தும்? ‘கசிவை 3 மி.மீ. என அமைக்கவும்’ என்பது, ‘கூரை ஒழுகலை நாலு சொட்டாக வைக்கவும்’ என்பது மாதிரி இருக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல், அச்சகத்தில் உண்மையிலேயே ஒரு கசிவு இருக்கிறது. மலிவான தாளில் மை இழை இழையாகப் பரவி எழுத்து தடித்துப்போவது, ஒரு பக்கத்து மை ஊறி மறுபக்கம் தெரிவது, பக்கத்து நிறத்துக்குள் நிறம் இறங்குவது, இவை எல்லாம் கசிவுதான், ஊறல்தான். ஆங்கிலத்தில் இதற்கும் அதே சொல்லைப் போட்டுவிடுகிறார்கள், இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள். நமக்கு அந்தத் தலைவிதி இல்லை. நம்மிடம் இரண்டு பொருளுக்கு இரண்டு சொல் வைத்துக்கொள்ளும் வசதி இருக்கும்போது, ஆங்கிலத்தின் குழப்பத்தை ஏன் வரி கட்டி இறக்குமதி செய்ய வேண்டும்? ஒரே வேலைத்தாளில் ‘கசிவு இருக்கக் கூடாது’ என்று தாளைப் பற்றியும், ‘கசிவு இல்லாமல் கோப்பு ஏற்கப்படாது’ என்று ஆவணத்தைப் பற்றியும் எழுதிப் பாருங்கள். படிக்கிறவர் கதி?

கற்பனை செய்து சொல்லவில்லை. வேலைக்குப் புதிதாய் வந்த பையன் ஒருவன், மென்பொருளைத் தமிழ்க் குறிப்போடு பழகியவன், அட்டை ஒன்றைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினான். ஆவணத்தில் 3 மி.மீ. சரியாகப் போட்டிருந்தது, அது வேறொருவர் செய்து வைத்த வார்ப்புரு. ஆனால் இன்டிசைன் போன்ற மென்பொருளில் ஆவணத்தில் அமைத்தால் மட்டும் போதாது. பிடிஎஃப் ஆக்கும்போது, குறிகளும் ப்ளீடும் உள்ள பகுதிக்குப் போய், ஆவணத்தில் கொடுத்த அளவையே எடுத்துக்கொள் என்று ஒரு கட்டத்தில் குறி போட வேண்டும். அவன் அந்தக் கட்டத்தில் இருந்த குறியை எடுத்துவிட்டான். ஏன் என்று கேட்டேன். “கசிவு வேணாம்னுதான் சார் எடுத்தேன், கலர் வெளியே கசிஞ்சா அசிங்கமா இருக்குமே” என்றான். அவன் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பு உண்டா? கசிவு என்ற சொல்லைத் தமிழன் புரிந்துகொள்ள வேண்டிய விதத்தில்தான் புரிந்துகொண்டான். அட்டைகள் வெள்ளை நூலோடு வந்தன. திட்டு அவனுக்கு விழுந்தது, விழுந்திருக்க வேண்டியது மொழிபெயர்த்தவருக்கு.

கசிவுக்காரர்கள் சொல்லும் வாதம் எனக்குத் தெரியும். ஆங்கிலச் சொல்லும் உவமைதானே, அவர்கள் பழகிக்கொள்ளவில்லையா, நாமும் பழகிக்கொள்வோம் என்பார்கள். பழகலாம். ஆனால் அவர்களுடைய உவமையில் கத்தி இருக்கிறது. கசிவில் கத்தி எங்கே? இரத்தத்தை எடுத்துவிட்டு வடிவதை மட்டும் வைத்துக்கொண்டார்கள், உவமையின் உயிர் எதுவோ அது போய்விட்டது. பிடிஎஃப் விஷயத்தைப் பாருங்கள். 1999-இல் அடோபியின் அக்ரோபேட் 4 மென்பொருளோடு வந்த பிடிஎஃப் 1.3-இலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் வெட்டளவு ஒரு பெட்டியாகவும், ப்ளீடு அதைச் சுற்றிய பெட்டியாகவும் தனித்தனியே குறிக்க இடம் உண்டு. இந்த இரண்டாவதைக் கசிவுக்காரர்கள் ‘கசிவுப் பெட்டி’ என்கிறார்கள். நான் மீன் கொண்டுபோகும் பெட்டியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

வண்டிப் பட்டறையைப் பாருங்கள். பிரேக் எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கும் ஆங்கிலத்தில் இதே ப்ளீடுதான். நம் மெக்கானிக் அதை என்ன சொல்கிறார்? “ஏர் எடுக்கணும்” என்கிறார். அகராதி பார்க்கவில்லை, குழு அமைக்கவில்லை. கை என்ன செய்கிறதோ அதைச் சொன்னார், முடிந்தது. பாதி ஆங்கிலம்தான், ஆனால் வேலையைச் சரியாகச் சொல்கிற பாதி.

‘வழிவு’ என்று ஒருவர் எழுதுகிறார். கசிவைவிடத் தேவலை, விளிம்பைத் தாண்டுகிறது என்பதாவது வருகிறது. ஆனால் வழிவதும் தானாக வழிவதுதான். ‘ப்ளீடு’ என்றே வைத்துக்கொண்டால் என்ன? பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன், யாரையும் திருத்துவதில்லை. எழுத்தில் ஒரு சின்ன இடைஞ்சல்: தமிழில் எழுதினால் துணியில் வைக்கும் மடிப்பான ப்ளீட்டும் தாளில் விடும் ப்ளீடும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். அதோடு, புதிதாகப் படிக்கிறவருக்கு அந்த ஒலி எதையும் சொல்லித் தருவதில்லை.

தையற்காரர் துணி வெட்டும்போது, “உள்ளே கொஞ்சம் துணி விட்டு வெட்டு” என்பார். அதே விடுதல்தான் இங்கேயும். வெட்டும் இடத்தில் நிற்கிறவர்களும், “நாலு பக்கமும் வெட்டுக்கு விட்டிருக்கியா?” என்றுதான் கேட்கிறார்கள். வினை தயாராகவே இருக்கிறது: வெட்டுக்கு விடுதல். பெயர்ச்சொல் மட்டும்தான் வேண்டும். ‘வெட்டுவிடுப்பு’ என்றால் லீவு கேட்கிற மாதிரி ஆகிவிடும். நான் வெட்டுமிகை என்று எழுதுகிறேன். வெட்டுக்காக விடும் மிகை. வங்கியில் கணக்கில் இருப்பதைத் தாண்டி எடுப்பது மிகைப்பற்று. கோட்டைத் தாண்டி நிற்கும் இதுவும் ஒரு மிகை. குறை ஒன்று உண்டு, ஒப்புக்கொள்கிறேன்: அளவுக்கு மீறி வெட்டிவிட்டதாகவும் சிலர் காதில் விழலாம். ஆனால் பக்கத்தில் 3 மி.மீ. என்று எண் இருக்கும்போது அந்த மயக்கம் நிற்காது.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதி, அக்கம்பக்கத்துச் சொற்களோடு கைகோத்து நிற்கிறது. வெட்டளவு, எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் வெட்டுக்குறி, வெட்டுமிகை. இன்டிசைனில் வெட்டுக்குறி பக்க விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதற்குத் தொடக்க மதிப்பு 6 பாயின்ட், அதாவது 2.117 மி.மீ. மிகையோ 3 மி.மீ. அப்படியே விட்டால் குறியின் நுனி மிகைக்குள் நுழைந்துவிடும், கத்தி அந்த அளவுக்கு மேல் விலகினால் அந்தக் கறுப்புத் துளி அட்டையிலேயே தங்கிவிடும். வெட்டுக்குறி, வெட்டுமிகை என்று இரண்டும் ஒரே சாளரத்தில் கண்ணில் பட்டால், குறி மிகைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். கசிவை வைத்துக்கொண்டு இதை விளக்கிப் பாருங்கள். மேசை அச்சுப்பொறியில் மாதிரி எடுக்கும்போதும் அப்படித்தான். 216 × 303 பக்கத்தை, தாளுக்குப் பொருத்து என்ற அமைப்போடு ஏ4-இல் அடித்தால் எல்லாம் சில விழுக்காடு சுருங்கும். மிகை என்று தெரிந்தவர் அது போனால் போகட்டும் என்று 100 விழுக்காட்டிலேயே அடிப்பார். தெரியாதவர் சுருக்கி அடித்து, எழுத்து சின்னதாகிவிட்டதே என்று வடிவமைப்பை மாற்றுவார்.

ஆங்கிலத்தில் க்ராப் மார்க் எனப்படும் வெட்டுக்குறி அந்தக் கையேட்டில் எப்படி இருந்தது தெரியுமா? ‘பயிர் மதிப்பெண்கள்’. விவசாயக் கல்லூரித் தேர்வு முடிவு போலிருக்கிறது. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார உதவும் பொருத்துக்குறி ‘பதிவு மதிப்பெண்கள்’ ஆகியிருந்தது. தாளைக் கிடையாக வைப்பது ‘நிலப்பரப்பு’, நெடுக்காக வைப்பது ‘உருவப்படம்’. அச்சுக்கு முன் திருத்தப் பார்க்கும் மெய்ப்பு, ‘ஆதாரம்’. மெய்ப்பு எத்தனை காலமாகத் தமிழ் அச்சகங்களில் புழங்கிய சொல்! அதைக்கூடவா கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை?

மொழிபெயர்ப்பவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மென்பொருள் சொற்கள் அவர் கைக்கு வரும்போது திரையோடு வருவதில்லை. ஒரு அட்டவணை, ஒரு கட்டத்தில் ஒரு சொல். பெயரா வினையா என்றுகூடத் தெரியாது. ப்ளீடு என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பார்த்தால் யாருக்கும் கத்தி ஞாபகம் வராது, காயம்தான் வரும். ஆனால் கையேடு அப்படி இல்லை. முழு வாக்கியம் இருக்கிறது, பக்கத்திலேயே படம் இருக்கிறது, படத்தில் கோடு தாண்டி நிற்கும் நிறம் தெளிவாகவே தெரிகிறது. அதைப் பார்த்த பிறகும் இரத்தம் என்று எழுத ஒரு தைரியம் வேண்டும்.

நத்தையை மறந்துவிட்டேன். வெட்டுமிகைக்கும் வெளியே, வேலை எண், நாள், நிறக் குறிப்பு எல்லாம் எழுதிவைக்க விடும் பட்டைக்கு ஆங்கிலத்தில் ஸ்லக் என்று பெயர். ஓடில்லாத நத்தைக்கும் அதே பெயர், ஈய அச்சுக்காலத்தில் லைனோடைப் எந்திரம் வார்த்த ஒரு வரி உலோகத் துண்டுக்கும் அதே பெயர். நான் குறிப்புப்பட்டை என்று திருத்தி, இரத்தத்தையும் துடைத்துவிட்டு அனுப்பினேன். நேற்று இறுதி வடிவம் வந்தது. துணைத்தலைப்பு இப்போது ‘கசிவு மற்றும் குறிப்புப்பட்டை’.